பெப்பர் எதுவும் சாப்பிடுவதில்லை

அமெரிக்காவின் பிளசன்டனில் பக்கீர் முகம்மதின் வீட்டில் நாய் குரைக்க ஆரம்பித்தது ஏப்ரல் மாதம் இரண்டாவது வாரத்தில். அந்த வீட்டில் நாய் கிடையாது. முன்பு இருந்ததும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை.

எல்லாம் மாளவிகா வீட்டில் திருடு போனதில்தான் தொடங்கியது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாளவிகா, ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள், பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்து யாரோ உள்ளே வந்து போயிருந்தார்கள். டிவியைத் தொடவில்லை. லேப்டாப் மேசை மேல் அப்படியே இருந்தது. தங்கம் மட்டும் போயிருந்தது. எந்த வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்து வந்தவர்கள்.

மறுநாள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் திருமூர்த்தி என்பவர் ஒரு பட்டியல் போட்டார். இந்திய வீடு என்பதைத் திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று பதினேழு அடையாளங்கள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள், நிலையில் தொங்கும் தோரணம், கராஜுக்குள் இருபது பவுண்ட் அரிசி மூட்டை என்று போனது. கடைசியில், இந்தப் பட்டியலை வெளியார் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள். அது சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட் வரை போய், பக்கீருக்கே வேறு மூன்று குழுக்களிலிருந்து திரும்பி வந்தது.

பக்கீர் மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். பட்டியல் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும் டிக் அடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியபோதே இது எங்கேயோ போய் முட்டப்போகிறது என்று மனைவி சாலிஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வீட்ல திருடறதுக்கு என்ன இருக்கு மச்சான்? என் நகையெல்லாம் மண்ணடி பேங்க் லாக்கர்ல கிடக்கு. இங்க இருக்கறது கழுத்துல இந்த ஒத்தை செயின்தான்."

"அது நமக்குத் தெரியும். திருடனுக்குத் தெரியுமா?"

"அப்ப வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டிருங்க. நகை மண்ணடியில இருக்கு, அங்க போய்க் கேக்கவும்னு."

"காமெடி பண்ணாத சாலிஹா. உடைச்சிட்டு உள்ள வந்தப்புறம்தான் அவனுக்கு அது தெரியும். நான் ஆஃபீஸ்ல இருப்பேன். நீ வீட்ல இருப்ப. புள்ள ஸ்கூல் விட்டு வந்திருக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சாலிஹா ஒரு மருத்துவக் காப்பீட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வாரத்தில் ஐந்து நாளும் அந்த வீட்டில் தனியாக இருப்பது அவள்தான். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

வீடு அந்த வாரக் கடைசியிலேயே குடியுரிமை மாறிவிட்டது. செருப்புகளெல்லாம் உள்ளே போயின. பழைய சாமான் கடையிலிருந்து பதினாலாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வந்து வாசலில் உட்கார்ந்தது. ஆறேகால் அடி ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டுமாம். பக்கீர் ஐந்தடி நாலு அங்குலம். தோட்டத்தில் ஒரு அணியின் கொடியை நட்டார். அது என்ன விளையாட்டு என்று சாலிஹா கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கதவில் மாட்டியிருந்த 'மாஷா அல்லாஹ்' பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டு, 'ஏரிக்கரைக்கு நல்வரவு' என்று ஆங்கிலத்தில் எழுதி இரண்டு வாத்துகள் நீந்தும் மரப்பலகையை மாட்டினார். சுற்றுவட்டாரத்தில் ஏரி எதுவும் இல்லை.

பித்தளைப் பலகை கல்யாணமான வருஷம் மதீனாவில் வாங்கியது. அது இருந்த இடத்தில் மட்டும் கதவின் வண்ணம் வெளுக்காமல், வாத்துப் பலகைக்கு வெளியே ஒரு பட்டையாகத் தெரிந்தது. காய்கறி வாங்கிவிட்டு வந்து சாவியை எடுக்கும்போது, வேறு யாருடைய வீட்டுக் கதவையோ திறக்கிறோம் என்று சாலிஹாவுக்கு இரண்டு மூன்று தடவை தோன்றியது. பக்கீரிடம் சொல்லவில்லை.

கடைசியாக வந்ததுதான் மெஷின். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. இருபதடிக்குள் யார் நடந்தாலும் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துக் குரைக்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். நாலு விதக் குரல்கள் இருந்ததில் பக்கீர் ஒரு சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு ஜெர்மன் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஆள் யார் என்று அதற்குப் பேதம் தெரியவில்லை. தபால்காரருக்குக் குரைத்தது. அணிலுக்குக் குரைத்தது. சாலிஹா தண்ணீர் குடிக்க எழுந்தாலும் குரைத்தது. ஆஃபீஸ் மீட்டிங்கில் அவளுடைய மேனேஜர், உன் நாயை ஒரு தரம் காமிராவில் காட்டேன் என்று கேட்டபோது, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் காமிராவையே அணைத்துவிட்டாள்.

"யார்கிட்டயும் மெஷின்னு சொல்லிறாத," என்று பக்கீர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நம்மாளுங்ககிட்டயும் கூடாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஃப்ரீமான்ட் வரைக்கும் தெரியும்."

இந்த ஏற்பாட்டில் முழு சந்தோஷம் அடைந்த ஒரே ஆள் மகள் ஃபைஹா. ஒன்பது வயது. நாய் வேண்டும் என்று நாலு வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பவள். நாய் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வர மாட்டார்கள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைத்த பதில்.

"வாப்பா, இஃப் இட்ஸ் ஜஸ்ட் த சவுண்ட், வில் த ஏஞ்சல்ஸ் ஸ்டில் கம்?"

பக்கீர் யோசித்தார். "ரெக்கார்டிங்தானம்மா. ரெக்கார்டிங்குக்கு ஒண்ணும் இல்ல," என்று தோராயமாக ஒரு பத்வா கொடுத்துவிட்டு ஆஃபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே ஃபைஹா பெட்டிக்குப் பெப்பர் என்று பெயர் வைத்தாள். காகிதத்தில் ஒரு நாய்முகம் வரைந்து, காதுகளைத் தனியாக வெட்டி, பெட்டியின் முன்பக்கம் ஒட்டினாள்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் ஜூடித். எழுபத்திரண்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். எட்டு வருஷமாக அடுத்தடுத்த வீடு என்றாலும், குட் மார்னிங்கும், அவள் மரத்து எலுமிச்சை ஒரு பையும், பெருநாளைக்கு இங்கிருந்து ஒரு தட்டு இனிப்புமாகத்தான் பழக்கம் நின்றிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த சாலிஹாவை அவள் நிறுத்தினாள்.

சாலிஹாவுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பது மட்டும் இல்லை, சொல்லவும் மாட்டாள். அதற்காக அவள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை.

"உங்கள் வீட்டில் புதிதாக நாய் வந்திருக்கிறது போல," என்றாள் ஜூடித்.

"சத்தம் எங்கள் வீட்டிலிருந்துதான்."

"பெப்பராமே. உன் மகள் சொன்னாள். ஆனால் ஒருநாள்கூட வாக்கிங் கூட்டிப் போய் நான் பார்க்கவில்லையே."

"அவனால் நடக்க முடியாது."

ஜூடித்தின் முகம் வாடியது. "அடடா. காலில் அடியா?"

காலே இல்லை என்று நாக்கு நுனி வரை வந்ததை சாலிஹா விழுங்கினாள். "ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்."

"பாவம். ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?"

"எதுவும் சாப்பிடுவதில்லை."

"எதுவுமேயா? எத்தனை நாளாக?"

"வந்ததிலிருந்து."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கு உறைத்தது. சமாளிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், "என் கணவர் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திறந்து பார்ப்பார்," என்று வேறு சொல்லி வைத்தாள். பேட்டரியை அவள் நினைத்துக்கொண்டு சொன்னது. நாயை அடைத்து வைத்திருக்கும் அறையை ஜூடித் நினைத்துக்கொண்டாள். நாய்த் தீனி டின் ஏதாவது கிடக்கிறதா என்று சாலிஹாவின் குப்பைத் தொட்டியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வாசலில், வயதான நாய்களுக்கான மிருதுவான உணவு இரண்டு டின்னும், பாதத் தடம் போட்ட ஒரு போர்வையும், 'பெப்பருக்கு, அன்புடன்' என்று ஒரு சீட்டும் இருந்தன. சாலிஹா அதையெல்லாம் கராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் பக்கீரிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பக்கத்து வீட்டு அம்மாவே நம்பிடுச்சு பாரு. இதுக்குப் பேருதான் குவாலிட்டி."

"மச்சான், அந்தம்மா போர்வை வாங்கிக் குடுத்திருக்கு. எனக்கு உறுத்துது. உண்மையைச் சொல்லிரலாம்."

"இந்த சம்மர் போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அந்த சனிக்கிழமை சாலிஹாவின் தோழி இஸ்ரத்தையும் அவள் கணவன் ஜைத்தையும் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஜைத் பக்கீரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற நெருக்கம். வாரநாளில் டேட்டாபேஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுப்பவன். மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அட்மினும் அவன்தான். அதனாலேயே மெஷினை அணைக்கக் கூடாது என்று பக்கீர் சொல்லிவிட்டார்.

விருந்தாளிகள் நடைபாதையில் கால் வைத்ததும் ஜெர்மன் ஷெப்பர்ட் சீறிப் பாய்ந்தது. இஸ்ரத் அபாயாவைக் கணுக்காலுக்கு மேல் கூட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே கார் வரைக்கும் பின்னால் போனாள்.

"சாலிஹா, உள்ள நாயா?"

"உள்ள வாங்க, அது ஒண்ணும் பண்ணாது," என்றார் பக்கீர். நாய் வளர்க்கிற எல்லாரும் சொல்வது அதுதான் என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

ஜைத் தயங்கினான். "காக்கா, தப்பா நினைக்காதீங்க. லுஹர் தொழணும். கார்பெட்ல எல்லாம் அது எச்சி பட்டிருக்கும். நஜீஸ், அசுத்தமாச்சே. நான் வேணா பேட்டியோவுல தொழுதுக்கறேன்."

"நாங்க வேற ஒருநாள் வர்றோமே," என்றாள் இஸ்ரத், காரின் கதவைப் பிடித்தபடி.

சாலிஹா வாயைத் திறப்பதற்குள் ஒரு வெள்ளை வண்டி வந்து வாசலில் நின்றது. விலங்குகள் பாதுகாப்புத் துறை வண்டி. சீருடையில் ஒரு இளம்பெண் இறங்கினாள். சட்டையில் ராமிரெஸ் என்று பெயர். அதே நேரத்தில் ஜூடித்தும் தன் வீட்டுப் படியிறங்கி வந்து வேலியோரம் நின்றாள். புகார் யார் கொடுத்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நடக்க முடியாத ஒரு நாயை அறையில் அடைத்து, மூன்று வாரமாகச் சாப்பாடு போடவில்லை என்று புகார் வந்திருக்கிறது," என்றாள் ராமிரெஸ், மரியாதையாகத்தான். "நான் நாயைப் பார்க்க வேண்டும்."

இஸ்ரத் அபாயாவை விட்டுவிட்டாள். "மூணு வாரமா சோறு போடலையா? சாலிஹா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? நாய்க்குத் தண்ணி குடுத்ததுக்கே ஒரு பொம்பளையை அல்லாஹ் மன்னிச்சிருக்கான்."

"பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினி போட்டவளுக்கு நரகம்னே ஹதீஸ் இருக்கு காக்கா," என்றான் ஜைத், வருத்தத்தோடு.

உள்ளே பெப்பர் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பேர் அவனுடைய இருபதடிக்குள் நின்றது அதுவே முதல் தடவை.

"மெஷின்னு சொல்லிறாத," என்று பக்கீர் உதடு அசையாமல் தமிழில் சொன்னார்.

சாலிஹா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பேட்டரி இருந்ததால் அது வழியெல்லாம் குரைத்துக்கொண்டே வந்தது. காகிதக் காது ஒன்று காற்றில் ஆடியது. ராமிரெஸ் முன்னால் அதை நீட்டியதும் அவளைப் பார்த்துக் கூடுதலாக நாலு குரைப்பு குரைத்தது.

"இதுதான் பெப்பர்," என்றாள் சாலிஹா ஆங்கிலத்தில். "நடக்க மாட்டான். எதுவும் சாப்பிட மாட்டான். நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் செய்தது சரியில்லை." மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். ஒரு குரைப்பு பாதியில் நின்றது.

ராமிரெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு படிவத்தில் எழுதினாள். "நிறம் வெள்ளை," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். "காயங்கள் எதுவும் இல்லை."

ஜூடித் சிரிக்கவில்லை. நடந்து வந்து, பூட்ஸுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். "இரண்டு நாள் நான் தூங்கவில்லை, சாலிஹா. போனை எடுக்கிறதும் வைக்கிறதுமாக இருந்தேன். உங்களைக் காட்டிக்கொடுக்கிறேனே என்று ஒரு பக்கம். அந்த நாய் என்ன பாடு படுகிறதோ என்று ஒரு பக்கம்."

சாலிஹா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு மாளவிகா வீட்டில் நடந்ததை, பதினேழு அடையாளங்களை, கொடியை, வாத்துகளை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பக்கீர் நடுவில் ஒன்றிரண்டு தொழில்நுட்ப விவரங்களைச் சேர்த்தார். கேட்கக் கேட்க ஜூடித்தின் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"அதாவது, இது இந்திய வீடு என்று யாருக்கும் தெரியக் கூடாது."

"ஆமாம்," என்றார் பக்கீர்.

திறந்த கதவு வழியாக, அடுப்பில் தம்மில் இருந்த பிரியாணியின் மணம் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜூடித் மூக்கை உறிஞ்சினாள். "எட்டு வருஷமாக எனக்கு இன்றைக்கு சனிக்கிழமை என்று தெரிவதே இந்த வாசனையில்தான். தபால்காரர் இந்த முனைக்கு வந்ததும் வேகத்தைக் குறைப்பார்." பூட்ஸை விரலால் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனது. "இந்த ஆறடி மனுஷன் வெளியே போய் ஒரு மாசம் இருக்கும் போலிருக்கிறது."

"இன்னொன்று," என்றாள் ராமிரெஸ். "நான் தெருவில் திரும்பும்போதே உங்கள் கராஜ் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. உள்ளே போகிற கதவும் தெரிகிறது. அரிசி மூட்டையும் தெரிகிறது."

பக்கீர் திரும்பிப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு நாற்காலி எடுக்கத் திறந்தது. காலை பத்து மணிக்கு. போய் மூடிவிட்டு வந்தார்.

"அந்தப் பித்தளைப் பலகை எங்கே?" என்று ஜூடித் கேட்டாள். "அதைக் காணவில்லை என்றதும் நீங்கள் வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். காலையில் வெயில் அதில் பட்டு என் சமையலறைச் சுவரில் வந்து விழும். காபி குடிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

எட்டு வருஷமாகத் தன் வீட்டுக் கதவு அடுத்த வீட்டுச் சுவர் வரை போய் வந்துகொண்டிருந்தது என்பது சாலிஹாவுக்குப் புதிய செய்தி. "சாப்பிட வாருங்கள், ஜூடித்," என்றாள்.

ராமிரெஸ் டியூட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். ஜூடித் மேசையில் உட்கார்ந்து, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தால்ச்சாவை சூப் என்று நினைத்து ஒரு கிண்ணம் தனியாகக் குடித்தாள். ஜைத் உள்ளேயே, அதே கார்பெட்டில் தொழுதான். தொழுதுவிட்டு வந்து பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, என்ன விலை காக்கா என்று கேட்டான். இஸ்ரத் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு எதையோ டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். இனிப்பு பரிமாறுவதற்குள் பக்கீரின் போனுக்கு ஃப்ரீமான்டிலிருந்து ஒரு குரைக்கிற நாயின் படம் வந்துவிட்டது.

ஃபைஹா மட்டும் சாப்பிட வரவில்லை. பேட்டரி இல்லாத பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் ஜூடித், ஞாயிற்றுக்கிழமைகளில் தான் ஆதரவற்ற நாய்களின் காப்பகத்துக்குப் போய் அவற்றை நடத்திக் கூட்டிப் போவதாகவும், ஃபைஹாவையும் அழைத்துப் போகட்டுமா என்றும் கேட்டாள்.

மேசையில் எல்லாரும் ஜைத்தைப் பார்த்தார்கள். ஜைத் கை கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னான். "பார்க்கலாம், நடத்திட்டும் போகலாம். காஞ்ச முடி பட்டா ஒண்ணும் இல்ல. எச்சி பட்டா ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு கலந்து."

சாலிஹா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூடித் பஸ் டிரைவராக முப்பது வருஷம் குழந்தைகளின் வாந்தியைக் கழுவியவள். ஏழு தடவை என்பது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபைஹா முழங்கை வரை எச்சிலோடு வந்து இறங்கினாள். ஒரு கிழட்டு நாய் அவளை விடவே இல்லையாம். "ஹி லிக்ட் மீ லைக் எ ஹண்ட்ரட் டைம்ஸ், உம்மா," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை சாலிஹா பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. தோட்டத்துக் குழாயடியில் கடையில் வாங்கிய மண் பையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தாள்.

ஜூடித் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையின் பின்பக்கத்தைப் படித்தாள். "இது மண் இல்லையே, சாலிஹா. தொட்டிச் செடிக்குப் போடுகிற கலவை. மரப்பட்டைத் தூள், உரம், காய்ந்த பாசி. மண் என்று ஒரு துளிகூட இல்லை."

சாலிஹா ஜைத்துக்கு போன் போட்டாள். ஜைத் கேள்வியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான். பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

அதற்குள் ஜூடித் தன் வீட்டு ரோஜாப் பாத்தியிலிருந்து ஒரு காபி டின் நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தாள். கறுப்பும் பழுப்புமாக, விரலில் ஒட்டினால் விடாத களிமண். "இது அசல். இதோடு எத்தனையோ வருஷமாகச் சண்டை போடுகிறேன்," என்றாள். ஃபைஹா கையை நீட்டினாள். சாலிஹா குழாயைத் திறந்தாள். ஜூடித் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐந்துக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது என்று மூன்று பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை ஜைத்திடமிருந்து பதினொரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்தது. தொட்டிச் செடிக் கலவை செல்லாதாம்.